கப்பல் விபத்துக்களும் பிரயாணிகளின் மனநிலையும்: ஒரு வரலாற்று நோக்கு

கன்னத்திற் கைவைத்துச் சோர்ந்திருப்பவரைக் கண்டால், "என்ன, கப்பல் கவிழ்ந்து போய்விட்டதோ?" என்று கேட்பது எம்மவரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கு. பொருளை ஏற்றி அனுப்பிவிட்டுக் கரையிலே காத்திருந்த வணிகனை நோக்கிய வினா இதுவென்பது சற்றுச் சிந்தித்தாற் புலப்படும். கப்பலினுள்ளே இருந்தவனுக்குக் கன்னத்திற் கைவைக்க அவகாசம் ஏது? கப்பல் விபத்துக்கள் பற்றிய நூல்களும் பெரும்பாலும் இவ்வழக்கின் போக்கிலேயே எழுதப்பட்டுள்ளன எனலாம். கப்பல் எத்தனை தொன், எவருக்குச் சொந்தமானது, தவறு எவருடையது, நட்டம் எவ்வளவு என்பனவற்றை அவை விரிவாக ஆராய்கின்றன. ஆனால், அதே துறைமுகத்திலிருந்து அடுத்த வாரம் புறப்படவிருந்த மற்றொரு கப்பலுக்குச் சீட்டு வாங்கிவைத்திருந்த மனிதன் என்ன எண்ணினான், என்ன செய்தான் என்னும் வினா அவற்றில் அரிதாகவே எழுப்பப்படுகின்றது. அவ்வினாவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

மனநிலையை அளப்பது எளிதன்று. அஞ்சி வீட்டிலிருந்துவிட்டவர் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை, ஏறியவரே இடம்பெறுகின்றார். ஏறியவர் யாவரும் அஞ்சாமல் ஏறினர் என்று கொள்ளவும் இயலாது. ஆகவே மனத்தில் நிகழ்ந்ததை நடத்தையைக் கொண்டே ஊகிக்க வேண்டியவராயிருக்கின்றோம். இவ்வாறு ஊகிக்கும்போது ஒரு வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே மனங்கொள்ளுதல் நன்று. பிழைப்பை நாடிக் கடல் கடப்பவரும், பொழுது போக்கும் பொருட்டுக் கடலிற் செல்பவரும் ஒரே வகையினர் அல்லர். முன்னவருக்கு மாற்று வழி இல்லை. பின்னவருக்கு எண்ணற்ற வழிகள் உள. ஒரு விபத்து இவ்விரு சாராரையும் ஒரே வகையிற் பாதிக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. எனினும், இவ்விரு சாராரும் ஈற்றில் ஏறத்தாழ ஒரே காரியத்தையே செய்துள்ளனர் என்பது வியப்புக்குரியது.

முதலில் 1912ஆம் ஆண்டை நோக்குவோம். அவ்வாண்டு ஏப்பிரல் 14ஆம் திகதி இரவு பனிப்பாறையில் மோதிய ரைற்றானிக், மறுநாள் அதிகாலையில் அத்திலாந்திக் சமுத்திரத்தில் அமிழ்ந்தது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். 46,000 தொன்னுக்கு மேற்பட்ட அக்கப்பலில் இருந்த 20 படகுகளில் 1,178 பேருக்கே இடமிருந்தது. கப்பலில் இருந்தோரோ ஏறத்தாழ 2,200 பேர். அன்றைய பிரித்தானிய விதிகள் 10,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அனைத்தையும் ஒரே வகுப்பாகக் கொண்டிருந்தமையால், சட்டப்படி பார்க்குமிடத்து ரைற்றானிக் தேவைக்கு மேலேயே படகுகளைச் சுமந்து சென்றது. இவ்விபரங்கள் எவையும் மறைக்கப்படவில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பகிரங்க விசாரணைகள் நடைபெற்றன. பத்திரிகைகள் அவற்றை நாடோறும் வெளியிட்டன. கடற் பிரயாணத்தின்மேல் மக்களுக்கு நிலையான வெறுப்பு ஏற்படக்கூடியதாயின், அஃது அப்பொழுதே ஏற்பட்டிருத்தல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் குடிவரவுக் கணக்கு வேறொன்றைக் காட்டுகின்றது. அந்நாடு ஜூலை தொடக்கம் ஜூன் வரையான காலத்தை ஓராண்டாகக் கொண்டு கணக்கெடுத்தது. 1912 ஜூனில் முடிவுற்ற ஆண்டில் 838,172 பேர் குடிவந்தனர். விபத்தின் பின் வந்த முதலாவது முழு ஆண்டில், அதாவது 1913 ஜூன் வரையான காலத்தில், அத்தொகை 1,197,892 ஆக உயர்ந்தது. அதற்கடுத்த ஆண்டில் 1,218,480 ஆயிற்று. இவர்களுட் பெரும்பாலோர் அத்திலாந்திக்கைக் கப்பலிற் கடந்தவர்கள். அவர்களுள்ளும் மிகப் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பிற் பிரயாணஞ் செய்தவர்கள். ரைற்றானிக்கின் முதலாம் வகுப்பிலே பத்துப்பேரில் ஆறுபேரளவில் உயிர் தப்ப, மூன்றாம் வகுப்பிலே நால்வரில் ஒருவரே தப்பினர் என்பதை நினைவிற் கொண்டு இவ்வெண்களை நோக்க வேண்டும்.

இதனைக் கொண்டு அவர்களுக்கு அச்சம் இருக்கவில்லை என்று வாதிடுவது தவறாகும். ஊரிலே நிலமில்லாத இத்தாலிய விவசாயிக்கும், உருசியப் பேரரசிலே கொடுமைகளுக்கு அஞ்சி வாழ்ந்த யூதக் குடும்பத்துக்கும் கப்பலேறுவதன் ஆபத்தைக் காட்டிலும் ஏறாதிருப்பதன் ஆபத்துப் பெரிதாகத் தோன்றியது. அவர்களுடைய அச்சத்தைக் கணக்கெடுத்தவர் எவருமில்லை. கணக்கெடுத்திருந்தாலும் அதனாற் கப்பல்களின் எண்ணிக்கை குறைந்திராது. பின்னர் அவர்களுடைய வருகை குறைந்தமைக்குக் காரணம் முதலிற் போர். அதன்பின் 1921ஆம் ஆண்டிலும் 1924ஆம் ஆண்டிலும் அமெரிக்கா இயற்றிய குடிவரவுச் சட்டங்கள். பனிப்பாறையாற் காலியாகாத மூன்றாம் வகுப்பு அறைகளைச் சட்டப் புத்தகமே காலியாக்கியது. அவ்வறைகளை நிரப்புவதற்காகவே கம்பனிகள் விடுமுறைப் பிரயாணிகளைத் தேடத் தொடங்கின என்பதும் ஈண்டு குறிப்பிடத்தக்கது.

ஆயினும் 1912இல் விபத்தினால் உண்மையாகவே மனம் மாறி, அம்மாற்றத்தைச் செயலிற் காட்டியவர்கள் ஒரு சாரார் இருந்தனர். அவர்கள் சீட்டு வாங்கிய பிரயாணிகள் அல்லர். ரைற்றானிக்கின் சகோதரக் கப்பலாகிய ஒலிம்பிக், அவ்வாண்டு ஏப்பிரல் 24ஆம் திகதி சவுதம்ரன் துறைமுகத்திலிருந்து நியூயோர்க்குக்குப் புறப்படவிருந்தது. விபத்து நிகழ்ந்து பத்து நாட்களே ஆகியிருந்தன. படகுக் குறைபாட்டைப் போக்குமுகமாகக் கம்பனி அவசர அவசரமாக மடிக்கத்தக்க படகுகள் பலவற்றை எங்கெங்கோ இருந்து பெற்று ஏற்றியிருந்தது. இவற்றிற் பல பழையனவும் பழுதடைந்தனவுமாம் எனக் கூறி, கொதிகலங்களுக்குக் கரியிடும் தொழிலாளர் 280க்கும் மேற்பட்டோர் கப்பலை விட்டிறங்கினர். இவர்கள் ஏன் அவ்வாறு செய்தனர் என்பதை விளங்கிக்கொள்வதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. ரைற்றானிக்கில் மாண்டவர்களுள் 500க்கும் மேற்பட்டோர் சவுதம்ரன் நகரில் வசித்தவர்கள். பெரும்பாலும் கப்பற் பணியாளர்கள். ஒலிம்பிக்கை விட்டிறங்கியோர் அதே தெருக்களிலிருந்து வந்தவர்கள். பிரயாணிகளோ கப்பலில் ஏறிப் புறப்பாட்டை எதிர்நோக்கிக் காத்திருந்தனர்.

கம்பனி தொழிற்சங்கத்தைச் சாராத ஆட்களைத் திரட்டிக்கொண்டுவந்து கப்பலைச் செலுத்த முற்பட்டது. அவர்களோடு கடலிற் செல்ல மறுத்து மாலுமிகள் 54 பேரும் வெளியேறவே, பிரயாணம் கைவிடப்பட்டது. அம்மாலுமிகள் மீது கலகக் குற்றஞ் சாட்டப்பட்டது. போர்ற்ஸ்மத் நீதவான்கள் குற்றம் நிரூபிக்கப்பட்டதாகக் கூறினரேனும், அக்காலத்தின் அசாதாரண நிலையைக் கருதித் தண்டனை எதனையும் விதிக்கவில்லை. ஒலிம்பிக் மே மாத நடுப்பகுதியிலேதான் புறப்பட்டது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அக்கப்பல் பெல்பாஸ்ற் நகருக்குத் திருப்பியனுப்பப்பட்டு, உட்புறத்தே இரண்டாவது உடற்சுவரும், உயர்த்தப்பட்ட நீர்புகாத் தடுப்புக்களும், 60க்கும் மேற்பட்ட படகுகளும் பெற்று 1913இல் மீண்டது. அதன்பின் 1935 வரை, போர்க்காலம் நீங்கலாக, பிரயாணிகளின் பெருவிருப்புக்குரிய கப்பலாக அது விளங்கியது. கடலோடிகள் அதனை 'நம்பிக்கைக்குரிய முதியவள்' என அழைத்தனர். அந்நம்பிக்கையின் ஒரு பகுதி கரியிட மறுத்தவர்களுக்குக் கடமைப்பட்டது என்பதைப் பிரயாணிகள் எண்ணிப் பார்த்தனரோ தெரியாது. ரைற்றானிக் பற்றி எழுதிய பலர் இந்நிகழ்ச்சியை ஓரிரு வரிகளில் முடித்துவிடுவது எமக்கு முறையாகத் தோன்றவில்லை.

விபத்துக்குப் பின் எழும் அச்சம் சிறிது காலமே நிலைப்பதாயினும், அக்காலத்தினுள் அது பலமுள்ளதாக இருக்கின்றது. சட்டங்கள் அவ்விடைவெளியிலேயே பிறக்கின்றன. இலண்டனிற் கூடிய சர்வதேச மகாநாடு 1914 ஜனவரியில் கடலில் உயிர்ப்பாதுகாப்புப் பற்றிய முதலாவது உடன்படிக்கையை உருவாக்கியது. போர் மூண்டமையால் அது நடைமுறைக்கு வரவில்லை. ஆயினும் இன்றுவரை வழங்கும் உடன்படிக்கைகளுக்கு அதுவே மூலம். அச்சத்தின் வேகத்தில் எழுதப்படும் விதிகள் எப்பொழுதும் தெளிவானவை என்றுஞ் சொல்ல முடியாது. 1914 மே 29ஆம் திகதி சென். லோறன்ஸ் நதியில் எம்பிரஸ் ஒவ் அயர்லாந்து என்னும் கப்பல், போதிய படகுகளுடன் இருந்தும், மூடுபனியில் மற்றொரு கப்பலுடன் மோதி 14 நிமிடத்தில் அமிழ்ந்தது. மாண்டோர் 1,012 பேர். அடுத்த ஆண்டு ஜூலை 24ஆம் திகதி, ஒரு தொழிற்சாலையின் ஊழியர்களைக் குடும்பத்துடன் உல்லாசப் பிரயாணம் அழைத்துச் செல்லவிருந்த ஈஸ்ற்லண்ட் என்னும் கப்பல், சிக்காகோ நகரின் ஆற்றுத் துறையிலே, கரையில் கட்டப்பட்டிருந்த நிலையிலேயே சரிந்து வீழ்ந்தது. 844 பேர் இறந்தனர். முன்னரே தலைக்கனமுள்ளதெனப் பெயர்பெற்ற அக்கப்பலின் மேற்றட்டிலே, ரைற்றானிக் கற்பித்த பாடத்தை ஒட்டி, புதிய படகுகள் அம்மாதந்தான் ஏற்றப்பட்டிருந்தன.

ஈஸ்ற்லண்டுடன் நாம் உல்லாசப் பிரயாணிகளின் உலகத்தினுட் புகுந்துவிட்டோம். இவர்கள் விரும்பினால் வராமலிருக்கக் கூடியவர்கள். ஆகவே எமது வினாவுக்கு இவர்களே சரியான சோதனை.

1930களிலே, பொருளாதார மந்தத்தின் நடுவே, நியூயோர்க்கிலிருந்து ஹவானாவுக்குச் சென்றுவரும் மலிவான கடற் பிரயாணங்கள் நடுத்தர வர்க்க அமெரிக்கரிடையே மிகுந்த செல்வாக்குப் பெற்றிருந்தன. வார்ட் கம்பனியின் மொறோ காசில் என்னும் கப்பல் இவ்வழியில் ஓடியது. 1934 செப்ரெம்பர் 7ஆம் திகதி மாலை அதன் தலைவர் திடீரென இறந்தார். அன்றிரவு கடந்து அதிகாலையில் கப்பல் தீப்பற்றியது. மரப்பலகைகளாலும் மினுக்கெண்ணெயாலும் அழகூட்டப்பட்ட உட்பகுதிகளே தீக்கு இரையாக அமைந்தன. 137 பேர் மாண்டனர். முதலிற் புறப்பட்ட படகுகளில் இருந்தோர் பெரும்பாலும் கப்பற் பணியாளர்களே என்ற செய்தி மக்களைக் கொதிப்படையச் செய்தது. எரிந்த கப்பலோ நியூ ஜேர்சி மாநிலத்தில் அஸ்பரி பார்க் என்னும் கடற்கரை நகரின் முன்னே தரைதட்டி நின்றது. அதன்பின் நிகழ்ந்தது சிந்தனைக்குரியது. அவ்வெரிந்த கூட்டைப் பார்ப்பதற்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். உல்லாசப் பருவம் முடிந்துபோன நகருக்கு அது புதிய பருவமாயிற்று. கப்பல் விபத்து மக்களை வெருட்டும் என்று எதிர்பார்ப்போர் இக்காட்சியையும் கணக்கில் எடுத்தல் வேண்டும். விபத்து வெருட்டுகின்றது, அதேவேளை ஈர்க்கவுஞ் செய்கின்றது.

வார்ட் கம்பனிக்கு அடுத்தடுத்து வேறு தீங்குகளும் நேர்ந்தன. 1935 ஜனவரியில் அதன் ஒரு கப்பல் தரைதட்டியது. அது வாடகைக்கு அமர்த்திய மற்றொரு கப்பல் மோதுண்டு அமிழ்ந்தது. கம்பனி வார்ட் என்ற பெயரைக் கைவிட்டு வேறு பெயர் சூடிக்கொண்டது. கப்பல்கள் ஓடின, பிரயாணிகளும் ஏறினர். இதே தந்திரம் பிற்காலத்திலும் கையாளப்பட்டது. 1987 மார்ச்சில் பெல்ஜியத்தின் சேபுறுக் துறைமுகத்தருகே முன்கதவுகள் மூடப்படாமற் புறப்பட்ட ஹெரால்ட் ஒவ் ஃபிறீ என்ரபிறைஸ் கவிழ்ந்து 193 பேர் இறந்தனர். கப்பற் பக்கங்களிற் பெரிதாக எழுதப்பட்டிருந்த ரவுன்சென்ட் தொறெசன் என்னும் வணிகப் பெயர் அந்த ஆண்டே நீக்கப்பட்டது. பிரயாணிகளின் மனத்தை வரலாற்றாசிரியரைவிடக் கம்பனிகள் நன்கு அறிந்திருந்தன போலும். பிரயாணி கடலை வெறுப்பதில்லை, கப்பலையும் வெறுப்பதில்லை, ஒரு பெயரையே வெறுக்கின்றான். பழி ஒரு பெயரிலோ ஒரு தலைவர்மீதோ சுமத்தப்பட்டவுடன், ஏனைய கப்பல்கள் யாவும் அவன் கண்ணுக்குத் தூய்மை பெற்றுவிடுகின்றன.

இக்கருத்துக்கு 1965ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளைப்போல் வலுவான சான்று வேறில்லை எனலாம். அவ்வாண்டு நவம்பர் 12ஆம் திகதி யார்மத் காசில் என்னும் கப்பல் மயாமியிலிருந்து நசோவுக்கு உல்லாசப் பிரயாணிகளுடன் புறப்பட்டது. 1927இற் கட்டப்பட்ட பழங்கப்பல். மேற்கட்டுமானம் பெரும்பாலும் மரம். பனாமாக் கொடியின் கீழ்ப் பதிவு செய்யப்பட்டிருந்தமையால் அமெரிக்காவின் கடுமையான தீப்பாதுகாப்பு விதிகள் அதனைக் கட்டுப்படுத்தவில்லை. மறுநாள் அதிகாலையில் தீப்பற்றி 90 பேர் மாண்டனர். முதற் படகுகளிலொன்றிலே கப்பல் தலைவரும் வெளியேறியிருந்தார். அமெரிக்கக் காங்கிரஸ் 1966 நவம்பரில் ஒரு சட்டத்தை இயற்றியது. அதன்படி, கப்பல் எந்நாட்டிற் பதிவு செய்யப்பட்டது, அது பாதுகாப்பு நியமங்களுக்கு இணங்குகின்றதா என்பவற்றை விளம்பரங்களிலேயே பிரயாணிகளுக்கு அறிவித்தல் வேண்டும். அதாவது, அஞ்சுவதற்கு வேண்டிய தகவல் யாவும் பிரயாணியின் கையில் அச்சிட்டுக் கொடுக்கப்பட்டது.

மறுமாதம், அதே மயாமித் துறைமுகத்திலிருந்து, சன்வார்ட் என்னும் புதிய நோர்வேக் கப்பல் உல்லாசப் பிரயாணத்தைத் தொடங்கியது. கப்பல் முதலாளி குனுற் குலொஸ்ரரும் ரெட் அரிசன் என்பவரும் கூட்டாகத் தொடங்கிய அம்முயற்சியே நவீன கடலுல்லாசத் தொழிலின் தொடக்கம் எனப் பலரும் கருதுகின்றனர். 1968இல் றோயல் கரிபியன், 1972இல் கார்னிவல் என அடுத்தடுத்துக் கம்பனிகள் தோன்றி, மயாமி அத்தொழிலின் தலைநகராயிற்று. தொண்ணூறு பேர் மாண்ட வழியிலேயே, ஓராண்டின் பின், இத்தொழில் தழைக்கத் தொடங்கியமை தற்செயலன்று. பழைய மரக் கப்பல்கள் சட்டத்தால் வெளியேற்றப்பட, 'எமது கப்பல் புதியது' எனக் கூறும் வாய்ப்புப் புதியவர்களுக்குக் கிடைத்தது.

இக்காலத்திற் கடற் பிரயாணம் வீழ்ச்சியடையவே இல்லையா என ஒருவர் வினவலாம். அடைந்தது, ஆனால் காரணம் விபத்தன்று. 1956 ஜூலையில் அன்ட்றியா டோறியா என்னும் இத்தாலியக் கப்பல் ஸ்ரொக்ஹோம் என்னும் சுவீடியக் கப்பலுடன் மோதி அமிழ்ந்தது. இரு கப்பல்களிலுமாக 51 பேர் இறந்தனர். இத்தாலியக் கம்பனி தயங்காமற் புதிய பெருங் கப்பல்களைக் கட்டியது. அவற்றைப் பயனற்றவையாக்கியது 1958இல் அத்திலாந்திக்கைக் கடக்கத் தொடங்கிய ஜெற் விமானமேயன்றி அவ்விபத்தன்று. மோதிய ஸ்ரொக்ஹோமின் கதை இன்னுஞ் சுவையானது. பல கைகள் மாறி, பல பெயர்கள் பெற்று, ஈற்றில் அஸ்ரோறியா என்ற பெயருடன் 2020 வரை அஃது உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் சென்றது. அதன் பழைய கதையை அறிந்தே ஏறியவர்களும் உளர்.

ஏறுவதா விடுவதா என்னும் தெரிவே இல்லாதவர்களை இங்கு மறந்துவிடலாகாது. 1987 டிசெம்பர் 20ஆம் திகதி பிலிப்பைன்ஸ் கடலில் டோனா பாஸ் என்னும் கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலுடன் மோதித் தீப்பற்றியது. 1,518 பேரை ஏற்றவே அனுமதி பெற்ற அக்கப்பலில் 4,000 பேருக்கு மேல் அடைந்திருந்தனர். நத்தாருக்குத் தலைநகருக்குச் சென்றுகொண்டிருந்தவர்களே பெரும்பாலோர். உயிர் தப்பிய பிரயாணிகள் 24 பேர் மட்டுமே. ரைற்றானிக்கில் மாண்டோரைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கினர் மாண்ட இவ்விபத்தின் பெயரை அறிந்தோர் உலகில் எத்தனை பேர்? அந்தக் கம்பனியின் கப்பல்கள் 1988, 1998, 2008 ஆகிய ஆண்டுகளிலும் பேரிழப்புக்களுடன் அமிழ்ந்தன. ஒவ்வொரு முறையும் தீவு மக்கள் மீண்டும் கப்பலேறினர். தீவிலிருந்து தீவுக்குச் செல்ல மலிவான வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை. அக்கம்பனியும் ஈற்றிற் பெயரை மாற்றிக்கொண்டது. 'பிரயாணிகளின் மனநிலை' என்னும் தொடரே வசதி படைத்தோருக்கு உரியதோ என்ற ஐயம் இவ்விடத்தில் எழாமற் போகாது.

எமது காலத்தின் பெருஞ் சோதனை 2012ஆம் ஆண்டில் நேர்ந்தது. ஜனவரி 13ஆம் திகதி இரவு, 4,229 பேருடன் சென்ற கொஸ்ரா கொன்கோடியா, இத்தாலியின் ஜிலியோத் தீவுக்கு அளவுக்கு மிஞ்சிக் கிட்டச் சென்று பாறையில் மோதிச் சரிந்தது. 32 பேர் இறந்தனர். கப்பல் தலைவர் பிரான்செஸ்கோ ஸ்கெற்றினோ, பிரயாணிகள் இன்னும் உள்ளேயிருக்கத் தாம் வெளியேறியிருந்தார். கப்பலுக்குத் திரும்பிச் செல்லுமாறு கரையோரக் காவற்படை அதிகாரி அவருக்குக் கடுஞ்சொல்லால் இட்ட கட்டளையின் ஒலிப்பதிவை உலகமே கேட்டது. 2015இல் அவருக்கு 16 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சரிந்த கப்பல் ஈராண்டுக்கு மேலாக, 2014 ஜூலை வரை, தீவின் முன்னே கிடந்தது. ஜனவரி தொடக்கம் மார்ச் வரையான காலமே ஆண்டின் பெரும்பகுதி முற்பதிவுகள் நிகழும் காலம். வெருட்டுவதற்கு இதனிலும் பொருத்தமான வேளையும் காட்சியும் அமைந்திருக்க முடியாது.

பிரயாணிகள் வெருண்டனர் என்பதில் ஐயமில்லை. விபத்துக்கு அடுத்த இரு வாரங்களில், கொஸ்ராக் கப்பல்கள் நீங்கலாகவே, தாய்க் கம்பனியாகிய கார்னிவலின் முற்பதிவுகள் பத்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட வீதத்தாற் குறைந்தன. ஏற்கெனவே கப்பலிற் சென்று பழகியவர்களைவிட, முதன்முறை செல்ல எண்ணியோரே மிகுதியாகத் தயங்கினர் என முகவர்கள் கூறினர். இது நுணுகி நோக்கத்தக்கது. எளிதில் நினைவுக்கு வரும் நிகழ்ச்சியை அடிக்கடி நிகழ்வதாக மனம் மதிப்பிடும் என உளவியலாளர் ற்வெஸ்கியும் கானமனும் 1973இல் எழுதினர். பழகியவருக்கோ கப்பல் என்றவுடன் நினைவுக்கு வருவன அவருடைய சொந்தப் பிரயாணங்கள். புதியவருக்கு நினைவுக்கு வருவது தொலைக்காட்சியிற் கண்ட சரிந்த கப்பல் ஒன்றே. கம்பனிகள் கட்டணத்தைக் குறைத்தன. ஆண்டு முடிவில் உலகெங்கும் கடலுல்லாசப் பிரயாணஞ் செய்தோர் தொகை 2 கோடி 9 இலட்சம். விபத்துக்கு முந்திய ஆண்டிலோ 2 கோடி 5 இலட்சம். வளர்ச்சியின் வேகம் குறைந்தது, தொகை குறையவில்லை.

அதே ஆண்டு ஏப்பிரலில், அதாவது ஜிலியோ விபத்து நிகழ்ந்து மூன்று மாதங்கூட ஆகாத நிலையில், ரைற்றானிக் அமிழ்ந்த நூற்றாண்டை நினைவுகூரும் பொருட்டு பல்மோறல் என்னும் கப்பல் சவுதம்ரனிலிருந்து புறப்பட்டது. அதிற் சென்றோர் 1,309 பேர். ரைற்றானிக்கின் பிரயாணிகள் தொகைக்கு ஒப்பாகவே அத்தொகை அமைந்தது. பணங் கொடுத்து, நூறாண்டுக்கு முந்திய உடைகளை அணிந்து, கப்பல் அமிழ்ந்த அதே இடத்துக்கு அவர்களுட் பலர் சென்றனர். அஸ்பரி பார்க் கடற்கரையிற் கூடிய கூட்டத்தின் பேரப்பிள்ளைகள் இவர்கள் என்றால் மிகையாகாது.

மறு ஆண்டு பெப்ரவரியிற் கார்னிவல் றியம்ப் என்னும் கப்பல், இயந்திர அறையில் ஏற்பட்ட தீயினால் மெக்சிக்கோ வளைகுடாவில் மின்சாரமின்றி நாட்கணக்கில் மிதந்தது. எவரும் இறக்கவில்லை. ஆனால் மலசலகூடங்கள் இயங்கவில்லை. நாற்றத்தில் அல்லலுற்ற 3,000க்கும் மேற்பட்ட பிரயாணிகளின் அவலத்தை அமெரிக்கத் தொலைக்காட்சிகள் இரவு பகலாக ஒளிபரப்பின. அதன்பின் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்புக்கள் அக்கம்பனிமீது அமெரிக்கர் கொண்டிருந்த நம்பிக்கை வெகுவாகச் சரிந்ததைக் காட்டின. முப்பத்திரண்டு பேரின் மரணத்தை ஒரு தலைவரின் குற்றமாக ஒதுக்கி வைத்தவர்களால், இயங்காத மலசலகூடத்தை அவ்வாறு ஒதுக்கி வைக்க முடியவில்லை. உல்லாசப் பிரயாணி விலை கொடுத்து வாங்குவது சுகம். ஆகவே சுகக்கேடே அவனை ஆழமாகத் தைக்கின்றது என விளக்கலாம். இவ்விளக்கம் மனித இயல்பைப் பெருமைப்படுத்துவதாக இல்லை. ஆயினும் சான்றுகள் அத்திசையையே காட்டுகின்றன.

கொள்ளைநோய்க் காலத்திலும் இதே கதை மேலும் பெரிய அளவில் நிகழ்ந்தது. 2020 பெப்ரவரியில் யொக்கொஹாமாத் துறைமுகத்தில் தனிமைப்படுத்தப்பட்ட டயமண்ட் பிறின்சஸ் கப்பலில் இருந்த 3,711 பேரில் 700க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று ஏற்பட்டது. மார்ச்சில் உலகெங்கும் இத்தொழில் நின்றுபோயிற்று. இனி எவரும் கப்பலேறார் என அப்பொழுது எழுதியோர் பலர். 2019இல் ஏறத்தாழ 3 கோடியாக இருந்த பிரயாணிகள் தொகை, 2023இல் 3 கோடி 17 இலட்சமாயிற்று.

ஜிலியோ விபத்தின்போது, அன்று மாலை சிவிற்றாவெக்கியாத் துறைமுகத்தில் ஏறிய பல நூறு பிரயாணிகள் ஆபத்துக்கால ஒத்திகை எதிலும் பங்குபற்றியிருக்கவில்லை. ஏறி 24 மணித்தியாலத்தினுள் ஒத்திகை நடத்தினாற் போதும் என்பதே அன்றைய விதி. அவ்விதி மாற்றப்பட்டு, 2015 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம், புறப்படுமுன்போ புறப்பட்டவுடனோ ஒத்திகை நடத்தப்படுதல் கட்டாயமாயிற்று. உயிர்காப்பு அங்கி அணிவதைப் பார்த்தறிந்து, தமக்குரிய படகின் கீழே எல்லோரும் ஒருங்கே கூடி நிற்கும் அவ்வரைமணி நேரத்தைப் பிரயாணிகள் ஒருபோதும் விரும்பியதில்லை. 2020இல் றோயல் கரிபியன் கம்பனி, தொற்றுப் பயத்தை முன்னிட்டுக் கூட்டங் கூடுவதைத் தவிர்ப்பதற்காக, புதிய முறையொன்றை அறிமுகஞ் செய்தது. பிரயாணி தனது கைத்தொலைபேசியில் விளக்கப் படத்தைப் பார்த்துவிட்டு, தனக்கு வசதியான வேளையில் தனியே தனக்குரிய இடத்துக்குச் சென்று முகங்காட்டித் திரும்பலாம். தொற்றுப் பயம் நீங்கிய பின்னரும் அம்முறை நீடிக்கின்றது. வேறு கம்பனிகளும் இத்தகைய முறைகளைக் கைக்கொண்டுள்ளன. பிரயாணிகள் அதனை மகிழ்ச்சியுடன் வரவேற்றுள்ளனர்.